மரத்துக்குப் பயந்து காரைத் தண்ணீருக்குள் நிறுத்திய கதை

"புயல் வருதுன்னு தெரிஞ்சும் ஏன் போனீங்க?" இந்தக் கேள்வியை ஊர் திரும்பியதிலிருந்து குறைந்தது ஐம்பது பேர் கேட்டிருப்பார்கள். உண்மையைச் சொன்னால், நாங்கள் கிளம்பிய அன்று, அதாவது 2024 நவம்பர் 28 வியாழக்கிழமை, அது புயலே இல்லை. ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும், பெரிய புயலுக்கு வாய்ப்பு குறைவு என்பதுபோலத்தான் செய்திகள் ஓடிக்கொண்டிருந்தன. கொழுந்தியாளுக்கு அப்போது ஏழாம் மாதம், மாமியாரைக் கொண்டுபோய் அவளிடம் விட வேண்டும், விட்டுவிட்டு இரண்டு நாள் இருந்து கடலையும் பார்த்துவிட்டு வரலாம் என்பது திட்டம். கோவையிலிருந்து புதுச்சேரி சுமார் 380 கிலோமீட்டர். சொந்தக் காரில் போனோம். கார் என்ன ஆனது என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டேன், அதனால் சஸ்பென்ஸ் ஒன்றும் இல்லை.

சகலை வீடு ரெயின்போ நகரில், தரைத்தளம். மேலே வீட்டுக்கார அம்மா, எண்பதைத் தொட்டவர். அவருடைய கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அந்தப் பென்ஷனில்தான் அம்மா இருக்கிறார்; அந்தத் தெருவில் இன்றும் 'சொல்தா வீட்டுப் பாட்டி' என்றால்தான் தெரியும். சிப்பாய்க்குப் பிரெஞ்சில் உள்ள சொல்தான் அது, புதுச்சேரிக்காரர்கள் நாக்கில் அப்படியே தங்கிவிட்டது. இந்தப் பாட்டி கதையில் முக்கியமான ஆள்.

வெள்ளிக்கிழமை காலை கடற்கரைச் சாலைக்குப் போனோம். காந்தி சிலைப் பக்கம் கடல் செம்மண் கரைத்த மாதிரி இருந்தது. பாறைகளில் மோதி எழும்பும் தண்ணீர் நடைபாதை வரை தெறித்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்பி எடுக்க ஒரு கூட்டம், அவர்களை விரட்ட விசிலோடு ஒரு போலீஸ்காரர். வடக்கே வைத்திக்குப்பத்தில் படகுகளை வழக்கமான இடத்தைவிட மேலே ஏற்றிக் கட்டியிருந்தார்கள். வாடைக்காற்று விடாமல் அடித்தது, ஆனால் பயப்படும்படி இல்லை. அங்கே வலையை மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம், "எப்படிண்ணா இருக்கும்?" என்று கேட்டேன். "நகரவே மாட்டேங்குதுங்க, அதான் யோசனையா இருக்கு" என்றார். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அந்த நாலு நாளில் யாரும் சொன்னதிலேயே உருப்படியான வானிலை அறிக்கை அதுதான்.

அன்று மதியம் அது புயலாக மாறியது. பெயர் ஃபெஞ்சல், சவுதி அரேபியா கொடுத்த பெயராம். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். இந்தக் கூண்டு விவகாரம் எனக்கு அதுவரை தெரியாது, எண் பெரிதானால் ஆபத்து பெரிது என்று மட்டும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஐந்து என்றால் துறைமுகம் இடப்பக்கம் இருக்கும்படி புயல் கடக்கும், ஆறு என்றால் வலப்பக்கம், ஏழு என்றால் துறைமுகத்தின் மேலேயே அல்லது பக்கத்திலேயே கடக்கும். எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் அதே வரிசைதான், ஆனால் தீவிரப் புயலுக்கு. பதினொன்று என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். கப்பல்காரர்களுக்கான ஏற்பாடு இது. எத்தனை சென்டிமீட்டர் மழை கொட்டும், உங்கள் தெரு முங்குமா என்பதைப் பற்றி அந்தக் கூண்டுக்கு எதுவும் தெரியாது.

சகலை உடனே வேலையில் இறங்கிவிட்டார். புதுச்சேரியில் யாரிடம் புயல் என்று சொன்னாலும் அவர்கள் மனதில் ஓடுவது 'தானே' புயல்தான். 2011 டிசம்பர் 30 அதிகாலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. மரங்கள் வேரோடு போனதையும் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததையும் நேற்று நடந்த மாதிரி சொல்வார்கள். அதனால் சகலை செய்த ஏற்பாடு எல்லாமே தானேவுக்கான ஏற்பாடு. மொட்டை மாடியில் இருந்த பூந்தொட்டிகளை இறக்கி வீட்டுக்குள் தரையில் வரிசையாக வைத்தார். ஜன்னல் கண்ணாடிகளுக்கு டேப் ஒட்டினார். மெழுகுவத்தி, தீப்பெட்டி, பேட்டரி லைட் வாங்கினார். இன்வெர்ட்டரை நன்றாக சார்ஜ் ஏற்றி வைத்தார், அது இருந்ததும் தரையில்தான்.

அப்புறம் என் கார். வாசலில் ஒரு பெரிய வேப்பமரம், அதன் கீழே நிறுத்தியிருந்தேன். "சகலை, தானே அப்போ எதிர் வீட்டு அம்பாசிடர் மேல மரம் விழுந்து அப்பளமாயிடுச்சு, எடுத்துடுங்க" என்றார். இரண்டு தெரு தள்ளி அவருடைய நண்பர் இருக்கும் அடுக்குமாடியில் கார் நிறுத்துமிடம் ரோட்டுக்குக் கீழே, சரிவில் இறங்கிப் போக வேண்டும். மேலே கான்கிரீட், மரம் கிடையாது, மின்கம்பம் கிடையாது, காற்றே புகாது. வண்டியை அங்கே பத்திரமாக இறக்கி நிறுத்திவிட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டு வேறு வந்தேன்.

மேலே பாட்டி மட்டும் ஒன்றுமே செய்யவில்லை. மாமியார் போய்க் கேட்டதற்கு, "மழை வந்தா எல்லாம் மேல வந்துடுங்க, கூச்சப்படாதீங்க" என்றாராம். காற்றுக்குத்தானே தயாராகிறோம், இவர் ஏன் மழையைப் பற்றிப் பேசுகிறார் என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. ரெட் அலர்ட், செல்போனில் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி, கடற்கரைச் சாலையில் தடுப்பு. சென்னை விமான நிலையத்தை மதியத்தோடு மூடிவிட்டார்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. இதோ வருகிறது, இதோ வருகிறது என்றார்கள், வரவே இல்லை. மாலை ஐந்தரைக்குக் கரையைக் கடக்கத் தொடங்கியது. சாயங்காலமே கரண்ட் போய்விட்டது. பாட்டியின் டிரான்சிஸ்டர்தான் துணை. இதைப் படிக்கிற யாராவது கடலோர ஊரில் இருந்தால் ஒரு பேட்டரி ரேடியோ வாங்கி வையுங்கள், டவர் போனபின் அதற்கு இருக்கும் மரியாதையே தனி.

காற்று மணிக்கு எழுபது எண்பது கிலோமீட்டர், இடையிடையே தொண்ணூறு. சத்தம் பெரிதாக இருந்தது, நாலு கிளை முறிந்தது, வேப்பமரம் ஆடியதே தவிர அசையவில்லை. இரவு ஒன்பதரை பத்து மணி வாக்கில் காற்று அடங்கியதுபோல இருந்தது. சகலை வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "அவ்ளோதான் சகலை, தானேல பாதி கூட இல்ல" என்றார். எனக்குக்கூடக் கொஞ்சம் ஏமாற்றம்தான், வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். பதினொன்றரைக்குள் புயல் கரையைக் கடந்துவிட்டது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் இருந்தது, வடிந்துவிடும் என்று படுத்துவிட்டோம்.

கடந்துவிட்டதுதான், ஆனால் போகவில்லை. புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்கில் நகராமல் உட்கார்ந்துகொண்டது. வைத்திக்குப்பத்துக்காரர் சொன்னது அதைத்தான். ஒரு புயல் வேகமாகப் போனால் அது காற்றோடு போகும். நின்றுவிட்டால் கடலிலிருந்து ஈரத்தை இழுத்து இழுத்து ஒரே இடத்தில் கொட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை வரையிலான ஒரு நாளில் புதுச்சேரியில் பதிவான மழை 48 சென்டிமீட்டர் அளவுக்கு. அதற்கு முன் அங்கே இருந்த பெரிய பதிவு 2004 அக்டோபரில் 21 சென்டிமீட்டர். கோவையில் எங்களுக்கு வருஷம் முழுக்கப் பெய்வதே அறுபது எழுபதுதான் என்று யோசித்தால் உங்களுக்குப் புரியும்.

ராத்திரி ஒரு மணிக்கு என் மனைவிதான் எழுப்பினாள். பாயில் படுத்திருந்தவள் கை நனைந்து விழித்திருக்கிறாள். தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை, குளியலறை, கழிவறை வழியாக வந்துகொண்டிருந்தது. இதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. வாசலில் மணல் மூட்டை அடுக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். தெருச் சாக்கடை நிரம்பிவிட்டால் அது உங்கள் வீட்டுக் குழாய்களில்தான் பின்வாங்கும். ஒரு பிளாஸ்டிக் பையில் மணலை நிரப்பிக் கழிவறைக் கோப்பையிலும், தரை ஜாலிகளின் மேலும் முன்னதாகவே அழுத்தி வைக்க வேண்டும். முழுக்க நிற்காது, ஆனால் பொருள்களை மேலே ஏற்ற ஒரு மணி நேரம் கிடைக்கும். எங்களுக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை.

முதலில் சகலை செய்தது மெயின் சுவிட்சை அணைத்தது. கரண்ட் இல்லையே, எதற்கு என்று கேட்டேன். "எப்ப வேணா வரும், இன்வெர்ட்டர் வேற இருக்கு" என்றார். அந்த நேரத்தில் அவருக்கு அது தோன்றியதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். கொழுந்தியாளையும் மாமியாரையும் மாடிக்கு அனுப்பினோம், படியில் இருட்டு, அவளைப் பிடித்துக்கொண்டு ஏறுவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. கர்ப்பிணி, வயதானவர், நடக்க முடியாதவர் யாராவது வீட்டில் இருந்தால் அவர்களை மாலையிலேயே மேலே ஏற்றிவிடுங்கள். தண்ணீர் வரட்டும் பார்க்கலாம் என்பது இளசுகளுக்குச் சரி.

பிறகு நாங்கள் மூன்று பேரும் எதை எடுப்பது என்று தெரியாமல் ஓடினோம். நான் டிவியைத் தூக்கினேன். முட்டாள்தனம். டிவி சுவரில் ஐந்தடி உயரத்தில் மாட்டியிருந்தது, அதுவரை தண்ணீர் வரவே இல்லை. மனைவி எடுத்தது கொழுந்தியாளின் ஆஸ்பத்திரி ஃபைல், மாத்திரைகள், ஸ்கேன் ரிப்போர்ட். யாருக்கு மூளை இருக்கிறது என்று அன்று தெரிந்தது. பத்திரமும் சான்றிதழ்களும் பீரோவின் கீழ்த்தட்டு லாக்கரில், எல்லா வீட்டிலும் அங்கேதானே இருக்கும். திறந்து எடுப்பதற்குள் பாதி நனைந்துவிட்டது. சமையலறையில் சிலிண்டர் மிதக்க ஆரம்பித்தது, பாதி காலியான சிலிண்டர் மிதக்கும். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, மேடைமேல் ஏற்றினோம். மாடியிலிருந்து இறக்கி வைத்திருந்த பூந்தொட்டிகள் வரிசையாக அறைக்குள் மிதந்து வந்து காலில் இடித்தன. அந்த நேரத்திலும் சகலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நாலு மணிக்கு வீட்டுக்குள் தொடை அளவு. அதோடு நின்றது. எங்களுக்கு வந்த தண்ணீர் ஒன்றுமே இல்லை, பக்கத்தில் கிருஷ்ணா நகரில் இன்னும் மோசம், காலையில் ராணுவம் வந்து படகில் ஆட்களை மீட்டார்கள். அன்று அமாவாசை, கடலும் ஏறி நிற்க, வாய்க்கால் தண்ணீர் எங்கே போகும் என்றார் பாட்டி. அவர் ஏன் மழையைப் பற்றியே பேசினார் என்று அப்போது கேட்டேன். "இந்த இடமெல்லாம் நான் கல்யாணமாகி வந்தப்போ தண்ணி நிக்கிற வயலு தம்பி. காத்துக்கு ஞாபகம் இருக்காது, தண்ணிக்கு இருக்கும்" என்றார். உள்ளூர்க்காரர்களில் எல்லாரையும்விட வயதானவரிடம், "இந்தத் தெருவில் இதற்கு முன் தண்ணீர் எங்கே வரை நின்றது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் என் கார் தப்பித்திருக்கும்.

காருக்கு வருகிறேன். ஞாயிறு மதியம் இடுப்பளவு தண்ணீரில், கையில் கம்பு வைத்துத் தரையைத் தட்டிக்கொண்டே நானும் சகலையும் போனோம் (மூடியில்லாத சாக்கடை எங்கே இருக்கும் என்று தெரியாது, கம்பு இல்லாமல் போகாதீர்கள்). சரிவின் கீழே குளம். என் காரின் கூரை மட்டும் ஆமை முதுகு மாதிரி தெரிந்தது. அந்த அடுக்குமாடிக்காரர்கள் பலர் மாலையிலேயே வண்டிகளை ரோட்டுக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள், மரத்துக்குக் கீழே நின்ற அந்த வண்டிகள் டயரோடு தப்பித்தன. மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார் நிறுத்துவார்களே, அதைப் பார்த்து நான் முன்பு கேலி செய்திருக்கிறேன். இனி செய்ய மாட்டேன்.

தண்ணீர் வடிந்தபின் பக்கத்தில் நின்ற வண்டிக்காரர் ஒருவர் சாவியைப் போட்டுத் திருகினார். ஒரு நொடி உறுமியது, டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் தண்ணீரை அழுத்த முடியாமல் உள்ளே இருக்கும் ராடு வளைந்துவிடும். அது 'வெள்ளத்தால் வந்த சேதம்' என்று கணக்காகாமல், நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று சொல்லி இன்சூரன்ஸில் கையை விரிக்க இடம் உண்டு. சாவியைத் தொடாதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி உள்ளேயும் வெளியேயும் போட்டோ எடுங்கள், இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்லுங்கள், இழுத்துப் போகாமல் மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் அனுப்புங்கள். பாலிசியில் இன்ஜினுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், என்னிடம் இருந்தது, எப்போது போட்டேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை, ஏஜென்ட் தொல்லை தாங்காமல் போட்டிருப்பேன்.

குடிக்கிற தண்ணீர்தான் அடுத்த தலைவலி. ஊரே தண்ணீர், குடிக்கச் சொட்டு இல்லை. நிலத்தடி சம்ப்புக்குள் சாக்கடை இறங்கிவிட்டது. முந்தைய நாள் மேல்நிலைத் தொட்டியை நிரப்பி வைத்திருந்தால் கவலை இல்லை, சகலை நிரப்பவில்லை. பாட்டி வைத்திருந்த இரண்டு கேன், அப்புறம் மொட்டை மாடியில் சுத்தமான பாத்திரத்தில் பிடித்துக் காய்ச்சிய மழைத்தண்ணீர், இதில்தான் ஆறு பேர் ஓட்டினோம். டவர் இல்லாததால் போனில் பணம் அனுப்ப முடியாது. கடைக்காரர் பால் வைத்திருந்தார், பிஸ்கட் வைத்திருந்தார், என்னிடம் இருந்த ரொக்கம் இருநூற்று நாற்பது ரூபாய். கடலோரத்துக்கு மழைக்காலத்தில் போகிறவர்கள் இரண்டாயிரமாவது பத்து, இருபது, ஐம்பது, நூறு நோட்டுகளாக எடுத்துக்கொள்ளுங்கள். ஐநூறு ரூபாய் நோட்டை அன்று யாரும் மாற்றித் தரவில்லை.

ஞாயிறு மதியம் புயல் வலுவிழந்துவிட்டது என்றார் ரேடியோக்காரர். சரி, முடிந்தது, காரை இங்கே விட்டுவிட்டு நாளை பஸ் ஏறலாம் என்று முடிவு செய்தோம். இங்கே செய்த தவறு முந்தைய தவறைவிடக் கேவலம், ஏனென்றால் பாடம் கற்றுக்கொண்ட பிறகு செய்தது. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம், மேற்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வலுவிழந்த அதே மேகம் உள்ளே போய்த் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கம் கொட்டியிருக்கிறது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். திருவண்ணாமலையில் மலைச்சரிவில் பாறையும் மண்ணும் வீட்டின் மேல் சரிந்து ஏழு உயிர் போனது. தென்பெண்ணையில் சாத்தனூர் அணை நிரம்பித் திங்கள் விடிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்தார்கள். அந்தத் தண்ணீர் விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் வழியாகத்தான் கடலுக்கு வர வேண்டும்.

திங்கள் காலை புதுச்சேரியில் வெயில். நாங்கள் விழுப்புரம் வரை போய்விட்டோம். அதற்கு மேல் அரசூரில் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையின் குறுக்கே ஆறு ஓடுகிறது, வண்டி போகாது என்றார்கள். ரயிலில் போகலாம் என்றால் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டிவிட்டது என்று ரயில்களை நிறுத்தியும் திருப்பியும் விட்டுக்கொண்டிருந்தார்கள். திருவண்ணாமலை சுற்றிப் போகலாம் என்றார் ஒரு டிரைவர், அங்கே நிலைமையைக் கேட்டபின் அவரே வேண்டாம் என்றுவிட்டார். விழுப்புரம் பஸ் நிலையத்தில் ஐந்து மணி நேரம் நின்றுவிட்டு, வந்த வழியே புதுச்சேரிக்குத் திரும்பினோம். கதவைத் திறந்த கொழுந்தியாள் எதுவும் கேட்கவில்லை, துடைப்பத்தை என் கையில் கொடுத்தாள்.

சேறு அள்ளியதில் இரண்டு நாள் போனது. சேறு ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிடுங்கள், காய்ந்தால் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும்; கையுறையும் பூட்ஸும் இல்லாமல் இறங்காதீர்கள், எனக்குக் காலில் ஒரு சின்னக் கீறல் பழுத்து ஊசி போட்டுக்கொண்டேன். புதன்கிழமை வழி கிடைத்தது. அரசூர் அருகே பஸ் ஊர்ந்து போனபோது இருபக்கமும் வயலில் மணல் மேடு, கரும்பு ஒரே திசையில் படுத்துக் கிடந்தது, பஸ்ஸுக்குள் யாரும் பேசவில்லை.

கார் ஜனவரியில் திரும்பி வந்தது. சீட் உறை, கார்பெட், ஒயரிங் எல்லாம் மாற்றியிருந்தார்கள். என் கையிலிருந்து போனது பாதிக்கும் குறைவு. ஏசி போட்டால் இன்னும் லேசாகச் சேற்று வாசனை வருகிறது. பிப்ரவரியில் கொழுந்தியாளுக்குப் பெண் குழந்தை, பார்க்கப் போயிருந்தோம். சகலை ஆளே மாறியிருந்தார். இன்வெர்ட்டருக்கு நாலடி உயரத்தில் இரும்பு ஸ்டாண்ட், பத்திரங்கள் பரணில், சம்ப்புக்கு ரப்பர் வைத்த மூடி. அதோடு நிற்காமல், தண்ணீர் வந்தால் சாமான்களை ஏற்றிவைக்க மொட்டை மாடியில் பெரிதாக ஒரு தகரக் கொட்டகை வேறு போட்டிருந்தார். பெருமையாகக் கூட்டிப்போய்க் காட்டினார். பின்னாலேயே பாட்டியும் மெதுவாகப் படியேறி வந்து, தகரத்தை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு தம்பி. தானே மாதிரி ஒண்ணு வந்துச்சுன்னா, லாஸ்பேட்டைல போய்ப் பொறுக்கிக்கலாம்."